கொல்லிமலை ஏறிய பென்குயின்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து செம்மேடு போகும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். மிளகு மூட்டையும் பலாவும் அன்னாசியும் இறங்கி வரும் கொல்லிமலைக்கு, 2011-க்குப் பிறகு புதிதாக ஒரு சரக்கு ஏறியது. அரசுப் பள்ளி பிளஸ் டூ மாணவர்களுக்குத் தமிழக அரசு விலையில்லாமல் கொடுத்த மடிக்கணினி. சாமையும் தினையும் விளைவிக்கும் எத்தனையோ வீடுகளுக்குள் நுழைந்த முதல் கணினி அதுதான். பொத்தானை அழுத்தினால் திரையில் இரண்டு பெயர்கள் வந்து நின்றன. ஒன்று உலகம் அறிந்த விண்டோஸ். பிள்ளைகளில் பெரும்பாலோர் அதைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய்விட்டார்கள். கீழே இருந்த இன்னொரு பெயரை யாரும் அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. அந்தப் பெயர் அங்கே வந்து சேர 42 ஆண்டுகள் பிடித்திருந்தன. அதன் பயணம் தொடங்கியது, ஒரு கைக்குழந்தையைத் தாத்தா பாட்டியிடம் காட்டப் புறப்பட்டபோது.

1969. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்டு டி-யின் பெல் ஆய்வகம். ‘மல்ட்டிக்ஸ்’ என்ற மாபெரும் இயங்குதளத் திட்டத்தில் பல ஆண்டுகளாகக் கூட்டாளியாக இருந்த ஆய்வகம், செலவு கட்டுப்படியாகவில்லை என்று அந்த ஆண்டில் விலகிக்கொண்டது. அதில் வேலை செய்த கென் தாம்ப்சன் என்ற இளைஞருக்குக் கையில் உருப்படியான கணினி இல்லாமல் போனது. புதிதாக ஒன்று வாங்கித் தரும் மனநிலையில் மேலிடமும் இல்லை. தேடிப் பார்த்ததில், அதிகம் யாரும் தொடாத பிடிபி-7 என்ற பழைய கணினி ஒன்று அகப்பட்டது. கோள்களுக்கிடையே விண்கலம் ஓட்டும் ஒரு விளையாட்டை அதில் எழுதிப் பார்த்து, அந்த இயந்திரத்தின் நாடியைப் பிடித்துக்கொண்டார் தாம்ப்சன். அப்போதுதான் அவருடைய மனைவி, ஒரு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கலிஃபோர்னியாவில் இருந்த மாமனார் மாமியார் வீட்டுக்குக் கிளம்பினார். வீட்டில் ஆளில்லை. தாம்ப்சனுக்குக் கிடைத்தது மூன்று வாரம்.

வாரத்துக்கு ஒன்றாக, மீதமிருந்த பகுதிகளை எழுதி முடித்தார். குழந்தை திரும்பி வரும்போது யூனிக்ஸ் பிறந்திருந்தது. சக ஊழியர் டென்னிஸ் ரிச்சியும் சேர்ந்துகொள்ள, சில ஆண்டுகளில் அது பல்கலைக்கழகங்கள் ஆசைப்படும் பொருளாக வளர்ந்தது. ஆனால் ஏடி அண்டு டி-யால் அதைக் கடைவிரித்து விற்க முடியவில்லை. தொலைபேசித் தொழிலைத் தாண்டி வேறு வியாபாரத்தில் இறங்கக் கூடாது என்று 1956-ஆம் ஆண்டின் நீதிமன்ற உடன்பாடு அந்த நிறுவனத்தின் கையைக் கட்டியிருந்தது. விற்க முடியாத பொருளைச் சொற்பக் கட்டணத்துக்கு, மூலநிரலோடு சேர்த்தே, பல்கலைக்கழகங்களுக்குக் கொடுத்தார்கள். ஒரு தலைமுறை மாணவர்கள் ஓர் இயங்குதளத்தின் வயிற்றுக்குள் கைவிட்டுப் பார்த்துப் பாடம் படித்தார்கள். இந்தக் கதையில் வரும் விபத்துகளில் ஆகப் பெரியது அந்தத் தடைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அது என்றைக்கும் நீடிக்கும் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள்.

1979-ல் வந்த ஏழாம் பதிப்பின் உரிமம், மூலநிரலை வகுப்பில் வைத்துப் பாடம் நடத்தக் கூடாது என்றது. 1984-ல் தொலைபேசிப் பேரரசு துண்டுகளாக உடைக்கப்பட்டபோது பழைய கட்டும் அவிழ்ந்தது. யூனிக்ஸ் விலைப்பொருளானது. நேற்று வரை திறந்திருந்த கதவு சாத்தப்பட்டதைப் பார்த்து ஆம்ஸ்டர்டாமில் ஒரு பேராசிரியர் கோபப்பட்டார். ஆண்ட்ரூ டானன்பாம் என்பது அவர் பெயர். மாணவர்களுக்குப் பாடம் நடத்த ஒரு குட்டி யூனிக்ஸைத் தாமே எழுதி, 1987-ல் பாடப்புத்தகத்தோடு வெளியிட்டார். பெயர் மினிக்ஸ். சாதாரண வீட்டுக் கணினியிலும் ஓடியது. இலவசமாக மட்டும் கிடைக்கவில்லை.

அதே காலத்தில் அமெரிக்காவின் எம்ஐடி-யில் இன்னொருவரும் கோபத்தில் இருந்தார். அவருக்குக் கோபமூட்டியது ஓர் அச்சு இயந்திரம். ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனம் கொடுத்த லேசர் பிரிண்டரில் காகிதம் அடிக்கடி சிக்கிக்கொண்டது. சிக்கினால் எல்லோருடைய திரைக்கும் செய்தி போகும்படி மென்பொருளைத் திருத்திவிடலாம் என்று நினைத்தார் ரிச்சர்ட் ஸ்டால்மன். மூலநிரல் வைத்திருந்தவர், ரகசிய ஒப்பந்தம் போட்டிருப்பதாகச் சொல்லித் தர மறுத்துவிட்டார். அந்த மறுப்பு ஸ்டால்மனின் மனதில் முள்ளாகத் தங்கியது. 1983-ல் க்னூ திட்டத்தை அறிவித்தார். யாரும் பயன்படுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்ற உரிமையோடு ஒரு முழு இயங்குதளம் எழுதுவது அதன் நோக்கம். 1990-க்குள் தொகுப்பி, எடிட்டர் என்று அநேகமாக எல்லாம் தயார். இயந்திரத்தோடு நேரடியாகப் பேசும் உட்கருவான கெர்னல் மட்டும் இல்லை. பந்தல் போட்டாகிவிட்டது, சமையலும் முடிந்துவிட்டது; மாப்பிள்ளை வரவில்லை.

மாப்பிள்ளை அப்போது பின்லாந்தின் ஹெல்சிங்கியில் தவணைக் கடனில் இருந்தார்.

1991 ஜனவரி. 21 வயது நிரம்பிய கல்லூரி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், கிறிஸ்துமஸுக்கும் பிறந்தநாளுக்கும் வந்த பணத்தோடு கடனும் வாங்கி, ஒரு கணினியை வீட்டுக்குக் கொண்டுவந்தார். பெரிய நிறுவனத்தின் பெயர் எதுவும் அதில் இல்லை. சென்னை ரிச்சி தெருவில் ஒரு காலத்தில் பாகம் பாகமாகப் பொறுக்கிக் கட்டிக் கொடுத்தார்களே, அந்த ‘அசெம்பிள்டு’ வகை. இன்டெல் 386 செயலி, 33 மெகாஹெர்ட்ஸ் வேகம், 4 எம்பி நினைவகம். முழுத் தொகையும் கையில் இல்லாததால் மிச்சத்தை மூன்று ஆண்டுத் தவணையில் கட்ட ஒப்புக்கொண்டார். இயந்திரம் வந்துவிட்டது. அதில் ஓட்ட நல்ல இயங்குதளம்தான் இல்லை. டாஸ் என்ற இயங்குதளம் அவருக்குப் பிடிக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் பழகிய யூனிக்ஸை விலைக்கு வாங்குவது மாணவரின் சக்திக்கு மீறியது. கடைசியில் மினிக்ஸுக்குப் பணம் அனுப்பினார்; அந்த விலையே அவருக்கு அநியாயமாகப் பட்டது. ஒரு மாதத்துக்கு மேல் காத்திருந்த பிறகு வந்த நெகிழ்தட்டுகளை ஒவ்வொன்றாகச் செருகி நிறுவினார். அவர் எதிர்பார்த்தது அதில் இல்லை.

வீட்டிலிருந்தபடியே தொலைபேசி வழியாகப் பல்கலைக்கழகக் கணினியோடு இணைவது அவருடைய தேவை. மினிக்ஸில் அந்த வசதி மோசமாக இருந்தது. சரி, நாமே எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்தார். இயங்குதளம் எழுதும் எண்ணமெல்லாம் அப்போது இல்லை. இரண்டு வேலைகளை மாற்றி மாற்றி ஓட்டும் நிரல் அது. முதல் சோதனையில் ஒரு வேலை ‘ஏ’ என்றும் இன்னொன்று ‘பி’ என்றும் திரையில் அச்சடித்தன. அடுத்து, இணைப்பில் வரும் கோப்புகளைச் சேமிக்க வேண்டியிருந்தது. அதற்காக வன்தட்டோடு பேசும் நிரல் எழுதினார். பிறகு கோப்பு முறைமை. ஒன்றைத் தொட்டால் அடுத்தது இழுத்தது. ஒரு நாள் தொலைபேசி எண்ணைச் சுழற்றும் கட்டளையைத் தட்டியவர், மோடம் இருக்கும் இடத்துக்குப் பதிலாகக் கவனப்பிசகில் வன்தட்டுக்கு அனுப்பிவிட்டார்.

மினிக்ஸ் இருந்த பகுதி சிதைந்து போனது. காசு கொடுத்து, ஒரு மாதம் காத்திருந்து நிறுவியது ஒரு நொடியில் அழிந்தது. நெகிழ்தட்டுகள் கையில் இருந்தன, மீண்டும் நிறுவியிருக்கலாம். லினஸ் அதைச் செய்யவில்லை. தம்முடைய அரைகுறை நிரலே இனித் தமக்கு இயங்குதளம் என்று முடிவு கட்டினார். 1991 ஆகஸ்ட் 25 அன்று மினிக்ஸ் பயனர்களுக்கு இணையத்தில் ஒரு செய்தி அனுப்பியிருந்தார்: பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதி வருவதாகவும், க்னூ போலப் பெரிதாக எதுவும் ஆகாது என்றும். செப்டம்பரில் முதல் பதிப்பு வெளிவந்தது. அதற்கு அவர் வைத்திருந்த பெயர் ‘ஃபிரீக்ஸ்’. கோப்புகளை வைக்க இடம் கொடுத்த நண்பர் அரி லெம்கேவுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. கேட்காமலேயே கோப்புறைக்கு வேறொரு பெயர் சூட்டினார்: லினக்ஸ்.

பணம் அனுப்பட்டுமா என்று கேட்டவர்களிடம், தபால் அட்டை அனுப்புங்கள் போதும் என்றார் லினஸ். உலகின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் அட்டைகள் வந்தன. அந்த ஆண்டின் இறுதியில் ஜெர்மனியிலிருந்து ஒருவர் எழுதினார்: என் கணினியில் 2 எம்பி நினைவகம்தான் இருக்கிறது, தொகுப்பி ஓட மறுக்கிறது. லினஸிடம் இருந்ததில் பாதி. முகம் தெரியாத அந்த ஒருவருக்காக, நினைவகம் போதாதபோது வன்தட்டின் ஒரு பகுதியையே நினைவகம் போலப் பயன்படுத்தும் வசதியை கிறிஸ்துமஸுக்குள் எழுதிச் சேர்த்தார் லினஸ். மினிக்ஸிடம் அது கிடையாது. குட்டி லினக்ஸ் தன் குருவைத் தாண்டிய இடம் இதுதான். வசதியுள்ளவர் கேட்ட அலங்காரம் எதுவும் அதைத் தாண்டச் செய்யவில்லை. இல்லாதவரின் முறையீடு செய்தது.

குரு சும்மா இருக்கவில்லை. 1992 ஜனவரியில், லினக்ஸின் கட்டமைப்பே காலாவதியானது என்று டானன்பாம் பகிரங்கமாக எழுதினார். மாணவர் பதிலுக்குச் சீறினார். ஊரே வேடிக்கை பார்த்த அந்தச் சண்டையின் சத்தத்தில், அதே நாட்களில் நடந்த பெரிய காரியம் பலர் காதில் விழவில்லை. லினக்ஸை வைத்து யாரும் காசு வாங்கக் கூடாது என்றிருந்த முதல் உரிமத்தை லினஸ் கைவிட்டார். நெகிழ்தட்டில் நகலெடுத்துக் கொடுப்பவர்கள் தட்டுக்கான செலவையாவது வாங்கிக்கொள்ள வேண்டாமா என்று கேட்டிருந்தார்கள். ஸ்டால்மன் எழுதிய ஜிபிஎல் உரிமத்துக்கு லினக்ஸ் மாறியது. விற்கலாம், கொடுக்கலாம், மாற்றலாம். மாற்றியதை வெளியே கொடுத்தால் மூலநிரலையும் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை பந்தலுக்குள் வந்துவிட்டார். தாம் செய்தவற்றில் சிறந்தது அந்த முடிவுதான் என்று லினஸ் பின்னாளில் சொன்னார். அவருடைய தவணைக் கடனில் பாக்கியிருந்ததை, லினக்ஸ் பயன்படுத்தியவர்களே இணையத்தில் வசூல் செய்து அடைத்தார்கள்.

அதிர்ஷ்டமும் கைகொடுத்தது. 386 கணினிக்கான பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வாரிசு போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது, 1992-ல் ஏடி அண்டு டி தரப்பு வழக்குத் தொடுத்தது. 1994 வரை அது இழுத்தது. அந்த இரண்டு ஆண்டுகளில் தடையில்லாமல் ஓடிக்கொண்டிருந்த குதிரை லினக்ஸ் ஒன்றுதான். இடையில், 1993 ஆகஸ்டில், இயன் மர்டாக் என்ற அமெரிக்க மாணவர் லினக்ஸ் கெர்னலையும் க்னூ கருவிகளையும் ஒழுங்காகச் சேர்த்துத் தரும் ஒரு திட்டத்தை அறிவித்தார். காதலி டெப்ராவின் பெயரையும் தம் பெயரையும் இணைத்து ‘டெபியன்’ என்றார். எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத அந்தத் தொகுப்பைத்தான் பின்னாளில் சென்னை தரமணியில் சிலர் கையில் எடுத்தார்கள்.

அதற்கு முன், பென்குயினைச் சின்னமாகக் கொண்ட லினக்ஸ் இந்தியாவுக்கு வந்தாக வேண்டும். இங்கே பொதுமக்களுக்கு இணையம் 1995 ஆகஸ்ட் 15-ல்தான் திறந்தது. விஎஸ்என்எல் தொலைபேசி இணைப்பில் ஒரு முழு இயங்குதளத்தை இறக்குவது நடக்கிற காரியமில்லை. வழி திறந்தது பத்திரிகை ஒன்று. ‘பிசி குவெஸ்ட்’ 1996-ல் தன் இதழோடு லினக்ஸ் குறுந்தகட்டை இணைத்துக் கொடுத்தது. சிறு நகரங்களில் பலர் லினக்ஸை முதலில் தொட்டது அந்தத் தகட்டில்தான். அசெம்பிள்டு கணினி வாங்குபவருக்குக் கடைக்காரரே திருட்டு விண்டோஸைப் போட்டுக் கொடுத்த காலம் அது. காசில்லாதவர் சட்டத்துக்குள் நின்றபடி கணினி வைத்துக்கொள்ள ஒரு வழி பிறந்தது. ஆனால் அந்தத் திரையில் தமிழ் இல்லை.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாடு விசைப்பலகைக்கு ஒரு பொது ஒழுங்கைத் தந்தது. தமிழ்99 என்று இன்றும் வழங்குவது அதுவே. அடுத்த சில ஆண்டுகளில் பல நாடுகளில் இருந்த தமிழர்கள் கூலி வாங்காமல், வேலை முடிந்த இரவுகளில், லினக்ஸின் பட்டிகளையும் செய்திகளையும் ஒவ்வொரு வரியாக மொழிபெயர்த்தார்கள். ‘ஃபைல்’ கோப்பானதும் ‘எடிட்’ ‘தொகு’ ஆனதும் அந்த உழைப்பில் நிலைபெற்றவை. மூலநிரல் பூட்டப்பட்டிருந்தால் அனுமதி கேட்டு நின்றிருக்க வேண்டும். இங்கே கேட்க வேண்டிய ஆளே இல்லை. இவ்வளவும் இருந்தும், லினக்ஸ் ஆர்வலர்களின் பொருளாகவே இருந்தது. பள்ளிக்கூட வாசல் வரை கொண்டுபோக ஓர் அரசு நிறுவனம் தேவைப்பட்டது. வந்து சேர்ந்த நிறுவனம் சற்றும் எதிர்பாராதது.

1980-களில் இந்தியா வாங்க விரும்பிய க்ரே சூப்பர் கணினியைத் தர அமெரிக்கா தயங்கியது. ராணுவத்துக்குப் பயன்படுமோ என்ற சந்தேகம். அந்த அவமதிப்பில் பிறந்த நிறுவனம் சி-டாக். 1988-ல் புனேயில் தொடங்கி, 1991-ல் ‘பரம் 8000’ என்ற சூப்பர் கணினியைக் கட்டிக் காட்டியது. ஹெல்சிங்கி மாணவர் தவணைக் கணினியோடு மல்லுக்கட்டிய அதே 1991. நாட்டின் ஆகப் பெரிய கணினியைக் கட்டப் பிறந்த அந்த நிறுவனத்தின் சென்னை தரமணிக் கிளையிடம், சாதாரண மக்களின் கணினிக்கு இயங்குதளம் செய்யும் பொறுப்பு வந்தது. 2005-ல் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை, அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயு-கேபிசி ஆய்வு மையமும் சி-டாக் சென்னையும் சேர்ந்து தொடங்கின. டெபியனை அடித்தளமாக வைத்து, இந்திய மொழிகளை அதில் ஏற்றினார்கள். 2007 ஜனவரியில் முதல் பதிப்பு ‘தரங்’ என்ற பெயரில் வெளிவந்தது. இயங்குதளத்துக்கு வைத்த பெயர் பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். சுருக்கமாக, பாஸ்.

செய்துவிட்டால் ஆயிற்றா, போட்டு ஓட்டுவதற்குக் கணினி வேண்டாமா? அந்த ஆண்டுகளில் தமிழக அரசின் எல்காட் நிறுவனத்துக்கு நிர்வாக இயக்குநராக இருந்த ஐஏஎஸ் அதிகாரி சி. உமாசங்கர், தம் அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிக் காட்டினார்; பள்ளிகளுக்கு வாங்கிய கணினிகளிலும் சூசே என்ற லினக்ஸ் தொகுப்பு ஏறியது. அரசு இயந்திரம் லினக்ஸில் ஓடும் என்பதற்கு அது கண்கண்ட சாட்சி. பிறகு 2011 தேர்தல் வந்தது, மாணவர்களுக்கு மடிக்கணினி என்ற வாக்குறுதி வந்தது. ஐந்து ஆண்டுகளில் 68 லட்சம் மடிக்கணினிகள் என்பது திட்டம். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில், திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் முதல்வர் ஜெயலலிதா அதைத் தொடங்கி வைத்தார். எல்காட் கேட்ட கணினியில் விண்டோஸோடு பாஸும் இருந்தது. கொல்லிமலைப் பிள்ளைகள் திரையில் கண்ட இரண்டாவது பெயர் அதுதான்.

அந்தப் பெயர் அப்போதைக்குக் கவனிப்பாரற்றுக் கிடந்தது உண்மை. கல்லூரியிலும் கடையிலும் எல்லோரும் விண்டோஸ் பேசும்போது, வழிகாட்ட ஆளில்லாத ஒரு மலைக்கிராமத்துப் பிள்ளை வேறென்ன செய்யும்? ஆசிரியர்களுக்குப் பாஸைப் பழக்கிவிட்டுப் பிறகு கணினியைக் கொடுத்திருக்க வேண்டும். அந்த வரிசை மாறியதில் நட்டம் பெரிது. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றபோது, துறைகளைப் பாஸுக்கு மாறச் சொன்னது தமிழக அரசு. 2020 ஜனவரி 14-ல் விண்டோஸ் 7-க்கும் ஆதரவு நின்றது. விண்டோஸ் 11-க்கோ குறைந்தது 4 ஜிபி நினைவகமும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். 2 ஜிபியோடு கொடுக்கப்பட்ட பழைய மடிக்கணினிகளுக்கு அந்தக் கதவு மூடிவிட்டது.

அப்படிப்பட்ட கணினிகளைக் குப்பை என்று தூக்கிப் போடக் கூடாது. ஒன்றின் திரையையும் இன்னொன்றின் வன்தட்டையும் சேர்த்துப் பொருத்தினால் ஓடக்கூடிய ஓர் இயந்திரம் கிடைக்கும். டெபியனும் அதன் வழி வந்த எடை குறைந்த லினக்ஸ் தொகுப்புகளும் 2 ஜிபியில் நிதானமாக ஓடுகின்றன. தமிழ்த் திரையும் தமிழ்99 விசைப்பலகையும் அவற்றிலேயே இருக்கின்றன; கொண்டுவர ஒரு பென்டிரைவ் போதும். அப்படி நிறுவும்போது, நினைவகம் போதாதபோது பயன்படுத்திக்கொள்ள வன்தட்டில் கொஞ்சம் இடம் வேண்டும் என்று லினக்ஸ் ‘ஸ்வாப்’ என்ற பெயரில் கேட்கும். 2 எம்பி நினைவகத்தோடு தவித்த அந்த ஜெர்மானியருக்காக 1991 கிறிஸ்துமஸுக்குள் எழுதப்பட்ட வசதி அதுதான்.